விட்டுப்போன 'ஆம்'

1988-ல், நான் வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம் நடந்தது இது. வைகைக்குத் தெற்கே ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். மேசையில் ஒரு கொலை வழக்கின் கட்டு கிடந்தது. மேல்முறையீட்டுக்கு மேலே போக வேண்டிய கட்டு. அதிலிருந்த தமிழ்ச் சாட்சியங்களை ஆங்கிலமாக்கித் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சி ஆடு மேய்க்கும் ஒரு கிழவி. அவருடைய சாட்சியத்தில் ஒரு வரி: "மடைக்கிட்ட வச்சு அவன்தான் வெட்டினானாம்." விசாரித்த நீதிபதி அந்த அம்மாவின் பேச்சைத் திருத்தாமல் அப்படியே பதிவு செய்ய வைத்திருந்தார். நான் 'மடைக்குப் பக்கத்தில் அவன் வெட்டினான்' என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மறுநாளைக்குள் நாற்பது பக்கம் முடித்தாக வேண்டும்.

சாயங்காலம் அலுவலகத்தின் மூத்த அதிகாரியான சிரஸ்தார் ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த வரியில் அவர் பென்சில் நின்றது.

"ஏம்மா, இந்த 'ஆம்' எங்க போச்சு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் தமிழ்ப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "வெட்டினான்னா அந்தக் கெழவி கண்ணால பாத்தா. வெட்டினானாம்னா யாரோ சொல்லிக் கேட்டா. நீ இதை இப்படியே மேல அனுப்பிச்சா, அங்க உக்காந்து படிக்கிறவருக்கு அவ கண்ணால பாத்த சாட்சி ஆயிருவா."

சாட்சிச் சட்டத்தின் முதுகெலும்பே அதுதான். பார்த்ததைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவர்தான் சொல்ல வேண்டும். அடுத்தவர் வாயால் வந்தது சாட்சியம் ஆகாது. அந்த வேறுபாட்டைத் தமிழ் ஒரு விகுதியில் வைத்திருக்கிறது. எழுத்தறியாத கிழவியும் அதைப் பிசகாமல் பயன்படுத்துகிறார். ஆங்கிலத்தில் அப்படி ஒரு விகுதி கிடையாது. 'என்று சொல்லிக்கொண்டார்கள்' என்று ஒரு தொடரையே சேர்த்தாக வேண்டும். நான் சேர்க்கவில்லை. எதிரிக் கூண்டில் நின்றவனுக்கு ஆயுள் தண்டனை விழுந்திருந்த வழக்கு அது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எந்தச் சாட்சியத்தைக் கையில் எடுத்தாலும் முதல் வாசிப்பில் 'ஆம்'களை மட்டும் சிவப்பு மையால் சுழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

நீதிமன்ற மொழி பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இனத்தையும் பெருமையையும் பேசுகிறார்கள். எனக்கும் அந்த உணர்ச்சி உண்டு. ஆனால் முப்பது வருடம் அந்த மேசையில் இருந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இன்னும் சின்ன விஷயம். கீழே ஒருவர் சொன்ன சொல் மேலே போய்ச் சேரும்போது அது அவர் சொன்ன சொல்லாகவே இருக்கிறதா? மேலிருந்து வரும் தீர்ப்பு யாருடைய நிலத்தை, யாருடைய உயிரைப் பற்றியதோ அவர் அதைப் படிக்க முடிகிறதா? இந்த இரண்டு கேள்விகளுக்குள்தான் மாநிலச் சட்டமும் நீதிமன்ற வழக்கமும் அரசியல் சாசனமும் அறுபது எழுபது வருடமாக மோதிக்கொண்டிருக்கின்றன.

என் அப்பா முன்சீப் கோர்ட்டில் நகல் எழுத்தர். அசல், நகல், வாய்தா, ஆஜர், ஜாமீன், ஜப்தி, வக்காலத்து, தஸ்தாவேஜு, பைசல் என்று எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் புழங்கிய சொற்கள் தமிழ் இல்லை என்பதே எனக்குப் பள்ளி இறுதி வகுப்பு வரை தெரியாது. எல்லாம் நவாபு காலத்துப் பாரசீகமும் அரபியும். வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் இந்தச் சொற்களைத்தான் பேசுவார்கள். வாய்தா என்றால் என்ன என்று விளக்கிச் சொல்ல வேண்டிய ஒரு குடியானவரை நான் பார்த்ததில்லை. 1837-ல் கம்பெனி அரசு நீதிமன்றங்களிலிருந்து பாரசீகத்தை விலக்க வழிசெய்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. மொழி போய்விட்டது, சொற்கள் தங்கிவிட்டன. பாரசீகம் இருந்த நாற்காலியில் மேல் நீதிமன்றங்களில் ஆங்கிலம் உட்கார்ந்தது. கீழ் நீதிமன்றங்களில் வட்டார மொழியும் ஆங்கிலமுமாக ஒரு கலவை ஓடியது.

அதற்கு முன்பு தமிழில் வழக்காடும் மரபே இல்லையா என்று கேட்கிறவர்களைப் பெரியபுராணத்துக்கு அனுப்புவேன். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய அந்த நூலில், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் சுந்தரர் மேல் ஒரு கிழவர் தொடுத்த வழக்கு வருகிறது. சுந்தரர் பிடுங்கிக் கிழித்தது படியோலை. கிழவர் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். சபை, பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் எதைக் காட்டி நிரூபிப்பாய் என்ற கேள்வியும் அங்கே எழுகிறது. அனுபோகம், பத்திரம், சாட்சி என்று இன்றைக்கும் ஒரு சொத்து வழக்கில் வக்கீல் தேடுவது இவற்றைத்தான். அசலையும் நகலையும் வாழ்நாள் முழுவதும் ஒப்பிட்டுக் கழித்த என் அப்பாவுக்கு அந்தப் பகுதி மனப்பாடம்.

என் தொழிலில் எனக்கு மூத்தவர் என்று நான் மனதில் வைத்திருப்பவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1879-ல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார், பிறகு சீர்காழி, மாயூரம். கம்பெனி காலத்து மேல்முறையீட்டு மன்றமான சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862-ல் வெளியிட்டார். அதே 1862-ல்தான் சென்னை உயர்நீதிமன்றம் தொடங்கியது. சட்டம் எந்த மக்களைக் கட்டுப்படுத்துகிறதோ அந்த மக்கள் மொழியில் அது கிடைக்க வேண்டும் என்று நினைத்து ஒருவர் தன் கைப்படச் செய்த வேலை அது. அவருடைய நாவலிலும் கதையை நிறுத்திவிட்டு இதைப் பேசுகிறார். நீதிபதிக்கும் தமிழ் தெரியும், வக்கீலுக்கும் தமிழ் தெரியும், கட்சிக்காரனுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. அங்கே ஏன் ஆங்கிலத்தில் வாதம் என்று. நாவல் வந்து ஏறத்தாழ நூற்றைம்பது வருடம் ஆகிறது.

அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில நீதிபதிகள் சாட்சி தமிழில் சொல்லச் சொல்ல நேராக ஆங்கிலத்தில் எழுதுவார்களாம். எழுதி முடித்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பெஞ்சு கிளார்க் அந்த ஆங்கிலத்தைத் திரும்பவும் தமிழாக்கிச் சொல்வார். தமிழ் ஆங்கிலமாகி, ஆங்கிலம் மறுபடி தமிழாகி வரும்போது சாட்சி தன் பேச்சைத் தானே அடையாளம் தெரியாமல் விழிப்பார். ஆனாலும் கைநாட்டு வைப்பார். கீழே 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி. நான் மொழிபெயர்த்த ஆயிரக்கணக்கான சாட்சியங்களின் கடைசியிலும் அந்த வரி இருந்தது. மனசாட்சியோடு நான் மொழிபெயர்க்கத் தயங்கிய வரி அது ஒன்றுதான்.

1956 டிசம்பர் 27-ல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. தமிழ் ஆட்சிமொழி. அதே வருடம் கடலுக்கு அப்பால் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசு எழுத்தர் சிங்களத் தேர்வு எழுத மறுத்ததால் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டு, அந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு முரண் என்று வழக்குப் போட்டார். 1964-ல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1969-ல் திரும்பி வந்தது. சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்கு மட்டும் கடைசிவரை பதில் சொல்லப்படவே இல்லை. ஒரு நீதிமன்ற ஊழியராக அந்த எழுத்தரை நினைத்து நான் பலமுறை நெகிழ்ந்திருக்கிறேன்.

இங்கே ஆட்சிமொழிச் சட்டம் நீதிமன்ற வாசலைத் தாண்ட இன்னும் இருபது வருடம் ஆனது. 1976-ல் அந்தச் சட்டத்தில் 4-அ, 4-ஆ என்று இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. உயர்நீதிமன்றத்துக்குக் கீழ்ப்பட்ட நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாக வேண்டும், தீர்ப்பும் தீர்ப்பாணையும் உத்தரவும் தமிழில் எழுதப்பட வேண்டும். விதிவிலக்காக ஆங்கிலத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுக்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு விடப்பட்டது. தமிழ் தெரியாத ஒரு நீதிபதி இங்கே நியமனமாகி வந்தால் அவர் என்ன செய்வார்? அதற்கான ஒரு சின்ன சன்னல் அது.

நான் வேலைக்கு வந்தபோது அந்தத் தமிழ் அலை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சொற்களெல்லாம் புதிதாக முளைத்திருந்தன. பிராது போய் வழக்குரை வந்தது, கைபீது போய் எதிருரை வந்தது. வழக்கெழு காரணம், சான்றாவணம், உறுத்துக்கட்டளை, நிறைவேற்றுகை மனு. உறுத்துக்கட்டளையைப் பார்த்து மூத்த வக்கீல்கள் முகம் சுளித்தார்கள். இரண்டு வருடத்தில் அவர்கள் வாயிலும் அது சரளமாக வந்தது. தமிழில் சட்டம் எழுத முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் வேறு வாதம் வைப்பதில்லை. அந்த வருடங்களில் எங்கள் ஊர் முன்சீப்புகளும் நடுவர்களும் எழுதிய தீர்ப்புகளை எடுத்துப் படிக்கச் சொல்வேன். ஒரு வரப்புத் தகராறை நான்கே பக்கத்தில், வாதியும் பிரதிவாதியும் படித்துவிட்டு யார் மேல் தப்பு என்று தாங்களே ஒப்புக்கொள்ளும்படி எழுதிய நீதிபதி ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். மாதந்தோறும் அரசு வெளியிட்ட 'தீர்ப்புத் திரட்டு' வந்தால் அதை முதலில் யார் எடுப்பது என்று எங்களுக்குள் போட்டி இருக்கும்.

பிறகு 1994-ல் உயர்நீதிமன்றத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கீழ்நீதிமன்ற நீதிபதிகள் தீர்ப்பைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று அதில் யாரும் சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவை நான் என் மேசையிலிருந்து பார்த்தேன். மேல்முறையீட்டில் தன் தீர்ப்பைப் படிக்கப் போகிறவர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் என்று தெரிந்த ஒரு கீழ்நீதிபதி எந்த மொழியைத் தேர்ந்தெடுப்பார்? தீர்ப்பு நடையை வைத்து அவருடைய பதவி உயர்வும் பார்க்கப்படும். மேற்கோள் காட்ட வேண்டிய முன்தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். சில வருடங்களில் எங்கள் வளாகத்தில் தமிழ்த் தீர்ப்புகள் அருகிப்போயின. சாட்சியம் தமிழில், தீர்ப்பு ஆங்கிலத்தில் என்று ஒரே கட்டுக்குள் இரண்டு மொழி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 137-ஆம் பிரிவில், ஆங்கிலம் தெரியாத கட்சிக்காரர் கேட்டால் நீதிமன்ற மொழியில் மொழிபெயர்ப்புத் தர வேண்டும் என்று ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. என் பணிக்காலத்தில் அந்தப் பிரிவின் கீழ் என் மேசைக்கு வந்த மனுக்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று கட்சிக்காரரிடம் யார் சொன்னார்கள்?

சட்டமன்றம் 'வேண்டும்' என்றது. சுற்றறிக்கை அதை 'லாம்' ஆக்கியது. சட்டத்தில் விதிவிலக்காக வைத்த சன்னலை, ஒரு நிர்வாக உத்தரவால் வீட்டின் தலைவாசலாக மாற்றிவிட முடியுமா? இந்தக் கேள்வியை ஒருவர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கே கொண்டுபோனார். 2014-ல் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. தங்கள் நீதிமன்றமே இருபது வருடம் முன்பு அனுப்பிய ஒரு தாளை நீதிபதிகள் சட்டத்தின் முன் நிறுத்தி அளந்து பார்த்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் பிரிவில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நான் மட்டும் அப்பாவின் பழைய பேனாவை எடுத்து மை ஊற்றி வைத்துக்கொண்டேன்.

கீழே கதை இப்படி. மேலே என்ன?

அரசியல் சாசனத்தின் 348-ஆம் உறுப்பு, உச்ச நீதிமன்றத்திலும் உயர்நீதிமன்றங்களிலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் என்கிறது, நாடாளுமன்றம் வேறுவிதமாகச் சட்டம் செய்யும்வரை. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மூன்று நாள் கொந்தளித்த மொழி விவாதத்தின் முடிவில் முன்ஷி–அய்யங்கார் சமரசமாக வந்த பகுதியில் இதுவும் ஒன்று. அதில் அய்யங்கார் என்பவர் நம் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த என். கோபாலசுவாமி அய்யங்கார். ஆனால் அதே உறுப்பின் இரண்டாவது கூறு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு ஆளுநர், இந்தியையோ மாநில அலுவல் மொழியையோ உயர்நீதிமன்ற நடவடிக்கைகளில் அனுமதிக்கலாம். தீர்ப்புக்கு அது பொருந்தாது. அந்தக் குறையையும் 1963-ன் அலுவல் மொழிகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு நிரப்பியது. மாநில மொழியில் தீர்ப்பு எழுதலாம், கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். 

இந்தக் கதவு வழியாக நான்கு மாநிலங்கள் போயிருக்கின்றன. ராஜஸ்தான் 1950-ல், உத்தரப் பிரதேசம் 1969-ல், மத்தியப் பிரதேசம் 1971-ல், பிகார் 1972-ல். நான்கும் இந்தி. 2006 டிசம்பர் 6-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு இதே கதவைத் தட்டியது. குஜராத்தும் சத்தீஸ்கரும் மேற்கு வங்கமும் கர்நாடகமும் கூடத் தட்டியிருக்கின்றன. திறக்கவில்லை. 2012 அக்டோபர் 11-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் கூடிய கூட்டம் இந்தக் கோரிக்கைகளை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. தமிழ்நாடு மறுபடி கேட்டது. முன்பு எடுத்த முடிவில் மாற்றமில்லை என்று 2016 ஜனவரியில் பதில் வந்தது.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது ஒன்று. 348-ஆம் உறுப்பில் ஆளுநர் இருக்கிறார், குடியரசுத் தலைவர் இருக்கிறார். இந்தியத் தலைமை நீதிபதி அங்கே இல்லை. அவர் எங்கிருந்து வந்தார்? 1965 மே 21-ல் மத்திய அமைச்சரவைக் குழு ஒன்று எடுத்த முடிவிலிருந்து. உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலம் தவிர்த்த மொழி எதையும் அனுமதிக்கும் முன் தலைமை நீதிபதியின் ஒப்புதல் பெற வேண்டும் என்பது அந்த முடிவு. தமிழ்நாடு இந்தி எதிர்ப்பில் பற்றியெரிந்து நான்கு மாதம்கூட ஆகாத நேரம். அன்றைய பதற்றத்தில் அப்படி ஒரு முன்னெச்சரிக்கை தேவைப்பட்டிருக்கலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. நீதிமன்ற மொழி பற்றி நீதிபதிகளைக் கலந்து கேட்பது முறைதான். ஆனால் கலந்து கேட்பது வேறு, அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது என்பது வேறு. சாசனத்தில் இல்லாத ஒரு பூட்டை அமைச்சரவைக் குழுவின் முடிவு ஒன்று போட்டிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டமன்றத் தீர்மானங்கள் அந்தப் பூட்டில் மோதித் திரும்புகின்றன. கீழே சுற்றறிக்கை செய்ததை மேலே ஒரு குழு முடிவு செய்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

எதிர்வாதங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி வெளிமாநிலத்திலிருந்து வருகிறார், நீதிபதிகள் மாறுதலாகிறார்கள், அவர்களுக்குத் தமிழ் எப்படிப் புரியும்? உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனால் அங்கே என்ன செய்வது? 1970-ல் அரசியல் தலைவர் ராஜ்நாராயண், உச்ச நீதிமன்றத்தில் தான் இடையீட்டாளராக நுழைந்த ஒரு வழக்கில் இந்தியில்தான் வாதாடுவேன் என்று நின்றபோது, எதிர்த்தரப்புக்கும் சில நீதிபதிகளுக்கும் புரியவில்லை. ஆங்கிலத்தில் பேசுங்கள், வக்கீலைப் பேச விடுங்கள், அல்லது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அவர் மறுத்ததும் அவருடைய இடையீட்டையே ரத்து செய்தார்கள். நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு நீதிமன்றத்தின் சங்கடம் எனக்குப் புரிகிறது.

ஆனால் இந்த வாதங்கள் எல்லாமே மொழிபெயர்ப்பு என்ற வேலையே இப்போது நடக்காதது போலப் பேசுகின்றன. முப்பது வருடம் அதைச் செய்துதான் நான் சம்பளம் வாங்கினேன். சாட்சி பேசுவது தமிழ், கிரையப் பத்திரம் தமிழ், உயில் தமிழ், முதல் தகவல் அறிக்கை தமிழ். எங்கேயோ ஓரிடத்தில் மொழி மாறித்தான் ஆக வேண்டும். அது யார் செலவில், யார் பொறுப்பில் நடக்கிறது என்பதுதான் கேள்வி. இன்றைக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போகும் கட்சிக்காரர் தன் தமிழ் ஆவணங்களுக்குத் தன் பணத்தில் மொழிபெயர்ப்புத் தயாரித்து வழக்குக் கட்டில் சேர்க்கிறார். வாதத்தின்போது பின்வரிசையில் உட்கார்ந்து வக்கீலின் முகத்தைப் பார்த்து வழக்கின் போக்கை ஊகிக்கிறார். தீர்ப்பு வந்ததும் அதற்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடுகிறார். 7-ஆம் பிரிவு சொல்லும் வழியில் போனால் தீர்ப்பு தமிழில் வரும், ஆங்கிலமாக்கும் பாரத்தை நீதிமன்றம் சுமக்கும். வெளிமாநில நீதிபதிக்கும் டெல்லிக்கும் அந்த ஆங்கிலம் இருக்கும்.

மொழி மாறும் இடத்தில் என்னென்ன உதிர்கிறது என்று சொல்கிறேன். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் சாட்சி, 'அந்தப் புஞ்சையைச் சித்தப்பா உழுதாரு' என்கிறார். சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பியாகவும் இருக்கலாம், சின்னம்மாவின் புருஷனாகவும் இருக்கலாம். முன்னவருக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு, பின்னவருக்கு ஒரு செண்டு கிடையாது. தமிழில் நடக்கும் விசாரணையில் நீதிபதியே சட்டென்று 'எந்த வழிச் சித்தப்பா?' என்று கேட்டுவிடுவார். ஆங்கிலக் காகிதத்தில் இவர் அங்கிள் ஆகிவிடுகிறார். மாமாவும் அங்கிள், பெரியப்பாவும் அங்கிள். காகிதத்திடம் யார் போய்க் கேட்பது?

இன்னொரு வழக்கு. திருநெல்வேலிப் பக்கத்து இளைஞன் ஒருவன், அரிவாள் வெட்டை நேரில் பார்த்த சாட்சி. வெட்டுப்பட்டவர் பலசரக்குக் கடைக்காரர். பையன் அவரைப் பேச்சுக்குப் பேச்சு 'அண்ணாச்சி' என்கிறான். வேறோர் இடத்தில் தயாரான மொழிபெயர்ப்பில் அது மூத்த சகோதரர் என்று ஆகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, இவன் இறந்தவருக்குச் சொந்தத் தம்பி, இவன் சாட்சியத்தை நம்ப முடியாது என்று ஒரு வாதம் கட்டப்பட்டது. அசலைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கச் சொல்லிக் கட்டு என்னிடம் வந்தது. நெல்லைச் சீமையில் மளிகைக் கடை வைத்திருக்கிற எல்லோரும் அண்ணாச்சிதான் என்பதை விளக்கி நான் ஒரு அடிக்குறிப்பு எழுதினேன். மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எழுதலாமா என்று அதற்கும் ஒரு விளக்கம் கேட்கப்பட்டது.

நேரமும் அப்படித்தான். 'விளக்கு வைக்கிற நேரம்' என்பார்கள். அதை ஆறரை மணி என்று போடலாமா? ஆனியில் அந்நேரம் முகம் தெளிவாகத் தெரியும், மார்கழியில் தெரியாது. ஆளை அடையாளம் காட்டிய வழக்கில் உயிரே அங்கேதான் இருக்கிறது. நான் மணி போடமாட்டேன். வீடுகளில் விளக்கேற்றும் வேளை என்றே எழுதுவேன். இதில் ஒரு ஆறுதலும் உண்டு. பட்டா, புறம்போக்கு, அயக்கட்டு, குடிமராமத்து, கலிங்கு இவற்றை வெள்ளைக்காரனே மொழிபெயர்க்க முடியாமல் அப்படியே ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டு போனான். நிலமும் நீரும் தமிழிலேயே உயர்நீதிமன்றம் வரை போய்விட்டன, அவற்றை உழுகிறவர்களின் பேச்சுதான் போக முடியவில்லை.

2010 ஜூனில் மதுரையில் வக்கீல்கள் உயர்நீதிமன்றத்தில் தமிழ் கேட்டுச் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். கோவையில் செம்மொழி மாநாடு நடக்க இருந்த மாதம். மேலமடைப் பக்கம் வேலையாகப் போனவள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். அரசு ஊழியர், அருகே போகக் கூடாது. 2015 செப்டம்பரில் சென்னையில் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியின் விசாரணை அறைக்குள்ளேயே வக்கீல்கள் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் நடவடிக்கை பாய்ந்தது. விசாரணை நடக்கும் அறைக்குள் போய் உட்காருவது எனக்கு உடன்பாடில்லை. நீதிமன்றத்தில் வளர்ந்தவள் நான், மன்றம் கூடியிருக்கும்போது குரலை உயர்த்த எனக்கு வராது. ஆனால் கேட்டது நியாயமானது.

2019 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் சிலவற்றை மாநில மொழிகளில் வெளியிடுகிறது. முதலில் அறிவித்த பட்டியலில் தமிழ் இல்லாமல், கேட்டபிறகு சேர்த்தார்கள். கணினியே மொழிபெயர்க்கும் காலமும் வந்துவிட்டது, அதற்கென்று உச்ச நீதிமன்றமே ஒரு மென்பொருளை வைத்திருக்கிறது. நல்ல காரியம். தீர்ப்பு எழுதி முடித்தபின் தருகிற தமிழ் அது, சட்டப்படி செல்லுவது ஆங்கில மூலம்தான். வாதம் நடக்கும்போது கட்சிக்காரர் பின்வரிசையிலேயேதான் இருக்கிறார். அப்படி ஒரு மொழிபெயர்ப்பு கைக்குக் கிடைத்தால் பழக்க தோஷத்தில் நான் முதலில் தேடுவது சாட்சியங்களைச் சொல்லும் பத்திகளைத்தான். பார்த்தது எது, கேட்டது எது என்று அதில் பிரிந்து நிற்கிறதா என்று பார்ப்பேன்.

ஓய்வு பெற்றபிறகு எங்கள் தெருவில் எனக்கு இதே வேலைதான். போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா மஞ்சள் பையில் மடித்து ஒரு உத்தரவைக் கொண்டுவந்தார். உயர்நீதிமன்றத்தின் இரண்டாம் மேல்முறையீட்டுத் தீர்ப்பு, பதினோரு பக்கம். புருஷன் போட்ட வழக்கு, அவர் இறந்தபின் இவர் பெயரில் நடந்தது. ஜெயித்ததா தோற்றதா என்று வக்கீல் தொலைபேசியில் சொல்லிவிட்டார். தோற்றுவிட்டது. "ஏன் தோத்துச்சுன்னு மட்டும் சொல்லுக்கா" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஏழாவது பக்கத்தில் அவர் புருஷன் கூண்டில் நின்று சொன்ன வார்த்தையை எடுத்தெழுதியிருந்தார்கள். அதைத் தமிழில் சொன்னதும் கையை நீட்டி நிறுத்தினார். "அவுக அப்படிச் சொல்லலக்கா. நான் அன்னிக்கு அங்கதான் நின்னேன்." அசல் சாட்சியம் என்னிடம் இல்லை. சான்றிட்ட நகல் வாங்கி வரச் சொல்லி, எந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தில் எவ்வளவு முத்திரை ஒட்டிக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பையும் எழுத்தில் கேட்டார், மகன் வந்தால் காட்ட வேண்டுமாம். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு பதினோரு பக்கத்தையும் தமிழில் எழுதினேன். முதல் பக்கத்தின் மேலே, அப்பாவின் பேனாவால், 'இது சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.